ஒரே அளவா தோத்தா அதுக்குப் பேரு ஒழுக்கமா?

போன ஞாயித்துக்கிழமை காலையில கோவிலம்பாக்கம் சிக்னல் பக்கத்து டீக்கடையில நின்னுட்டிருந்தோம். ரேடியல் ரோடு தூசி பாதி, டீ பாதி. எங்க கேங்குல புதுசா சேர்ந்த ஒரு பையன், வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகலை, பக்கத்துல நின்னவனுக்குப் பாடம் எடுத்துட்டிருந்தான். "பந்தயத்துல எல்லாரும் ஏன் காலி ஆவுறான்னு தெரியுமா ப்ரோ? டிசிப்ளின் இல்ல. இன்னிக்கு ஐநூறு, நாளைக்கு அஞ்சாயிரம்னு போடுறான். எப்பவும் ஒரே அமௌன்ட். கையில இருக்கறதுல ரெண்டு பர்சென்ட். அதைத் தாண்டவே கூடாது. அப்புறம் பாருங்க."

கிளாஸை வெச்சிட்டு வந்துட்டேன். பையன்கிட்ட அங்கேயே சண்டை போட்டிருக்கணும். போடலை. அதான் இந்தப் பதிவு. மக்களே, கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்குங்க.

முதல்ல அவன் சொன்னதுல இருக்கிற நியாயத்தைச் சொல்லிடுறேன், இல்லைன்னா பின்னூட்டத்துல வந்து கும்முவீங்க. தோத்தா டபுள் பண்ற ஆளைவிட, ஒரே தொகை போடுற ஆள் புத்திசாலிதான். நூறு ரூபாயில ஆரம்பிச்சு ஒவ்வொரு தோல்விக்கும் இரட்டிப்பாக்கிட்டே போனா, தொடர்ந்து பத்து தடவை தோத்ததும் கையை விட்டுப் போனது 1,02,300 ரூபாய். அடுத்த பந்தயத்துக்கு 1,02,400 வேணும். எல்லாம் எதுக்கு? நூறு ரூபாய் லாபத்துக்கு. இந்த விஷயத்துல பையனுக்கு முழு மார்க்.

ஆனா ஒரு தப்பைவிடச் சின்னத் தப்பு சரியாயிடுமா? கணக்கு போட்டுப் பார்ப்போம். டாஸுக்கும் பந்தயம் கட்டுறாங்கங்கறது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். நாணயம், ரெண்டு பக்கம், பாதிக்குப் பாதி. ஆனா சைட்டுக்காரன் ரெண்டு பக்கத்துக்கும் 1.90னு ரேட் போடுறான்னு வைங்க. ஆயிரம் கட்டி ஜெயிச்சா 900 வரும், தோத்தா 1000 போகும். அதாவது சராசரியா ஒவ்வொரு தடவையும் 50 ரூபாய் அவன் பாக்கெட்டுக்கு. நீங்க நஷ்டம் இல்லாம நிக்கறதுக்கே நூத்துக்கு 52.63 தடவை சரியாச் சொல்லணும். நாணயத்தோட பேசி வெச்சிருந்தாத்தான் முடியும்.

இதுல நீங்க 1000 மாறாம போட்டாலும் சரி, 200 மாறாம போட்டாலும் சரி, அந்த அஞ்சு சதவீதம் மாறாது. ஸ்டேக் அளவு முடிவு பண்றது எவ்வளவு வேகத்துல காலியாவீங்கங்கறதை மட்டும்தான். எந்தப் பக்கம் போறோம்ங்கறதை அது முடிவு பண்ணாது. தாம்பரம் போகணும்னு பாரிஸ் போற பஸ்ல ஏறிட்டு, டிரைவர் நிதானமா ஓட்டுறார்னு சந்தோஷப்பட்டா எப்படி?

இப்பதான் எனக்கே ஆச்சரியமா இருந்த ஒரு விஷயம் வருது. ஐபிஎல் சீசனுக்கு 74 மேட்ச் (2022ல இருந்து). மேட்சுக்கு ஒரே ஒரு பந்தயம், ஒரே ஆயிரம், ஒழுக்கசீலர் மாதிரி போடுறீங்க. திறமை சுத்தமா பூஜ்யம், நாணயம் சுண்டித்தான் முடிவு பண்றீங்க. சீசன் முடிவுல லாபத்துல இருக்க 39 சரியா வரணும். அப்போ 35,100 வரவு, 35,000 செலவு, நூறு ரூபாய் லாபம் :-) இது நடக்க வாய்ப்பு எவ்வளவுன்னு நினைக்கறீங்க? கிட்டத்தட்ட 36 சதவீதம். மூணு பேர்ல ஒருத்தனுக்கு மேல, ஒண்ணுமே தெரியாம லாபத்துல முடிக்கிறான்! அந்த ஒருத்தன்தான் டெலிகிராம் சேனல் ஆரம்பிக்கிறான். "என் ரகசியம் டிசிப்ளின்"னு பேட்டி குடுக்குறான். மத்த ரெண்டு பேரு எங்கேயும் பேட்டி குடுக்கறதில்லை.

அதே ஆள் அதே ஒழுக்கத்தோட ஆயிரம் பந்தயம் வரைக்கும் போகட்டும். லாபத்துல நிக்க வாய்ப்பு அஞ்சு சதவீதத்துக்கும் கீழே விழுந்துடும். இதுல இருக்கிற கொடுமையைக் கவனிச்சீங்களா? கண்டபடி ஆடுறவன் ஒரே மாசத்துல காலியாகி, அழுது, அப்பாகிட்ட திட்டு வாங்கி வெளியே வந்துடுறான். ஒழுக்கமா ஆடுறவன் ஆயிரமாவது பந்தயம் வரைக்கும் நிக்கிறான். கடைக்காரனுக்கு ரெண்டாவது ஆளைத்தான் பிடிக்கும். மாசாமாசம் தவறாம இஎம்ஐ கட்டுற கஸ்டமர் யாருக்குத்தான் பிடிக்காது?

"எனக்குக் கிரிக்கெட் தெரியும், நான் நாணயம் இல்லை"ங்கறீங்களா. சரி. உங்களுக்கு நிஜமாவே 55 சதவீதம் சரியாச் சொல்ற திறமை இருக்குன்னே வைங்க. அது திறமையா அதிர்ஷ்டமான்னு ஓரளவு நம்பிக்கையா சொல்லவே 1,700 பந்தயத்துக்கு மேல வேணும். மேட்சுக்கு ஒண்ணுன்னா இருபத்துநாலு ஐபிஎல். இப்ப ஆரம்பிச்சா எனக்கு அம்பது வயசு தாண்டிடும். அப்படியே நிரூபிச்சாலும், தொடர்ந்து ஜெயிக்கிற ஆளோட அக்கவுண்ட்டுக்கு உச்சவரம்பு போடறது வெளிநாட்டு லைசென்ஸ் கம்பெனிகள்லயே சர்வசாதாரணம். நம்மூர்ல ஓடுற திருட்டு சைட்டு பத்தி சொல்லவே வேணாம். வித்ட்ரா பட்டன் வேலை செய்யாது, அவ்வளவுதான். கேஸ் போடுவீங்களா?

டிசிப்ளின் கோஷ்டி அடிக்கடி இழுக்கிற பேரு கெல்லி. பெல் லேப்ஸ்ல வேலை பார்த்த ஜான் கெல்லி 1956ல எழுதின பேப்பர்லதான், கையில இருக்கற காசுல எத்தனை பங்கு போடலாம்னு ஒரு ஃபார்முலா வருது. இன்ஜினியரிங் படிச்ச நமக்கு ஃபார்முலான்னாலே ஒரு மயக்கம். ஆனா அதுல என்ன போட்டா என்ன வருதுன்னு பாருங்க. ரேட் 1.90, திறமை 55 சதவீதம்: கையிருப்புல அஞ்சு சதவீதம் போடுங்குது. ரேட் 1.90, திறமை 50 சதவீதம்: விடை மைனஸ்ல வருது. மைனஸ்னா, தம்பி, போடாதேன்னு அர்த்தம். அவங்க கும்பிடுற சாமியே கோவிலைப் பூட்டிட்டுப் போங்கடாங்குது, இவங்க வாசல்ல நின்னு ரெண்டு சதவீதம் அர்ச்சனை பண்ணிட்டிருக்காங்க.

அடுத்த ஜல்லி, "சுப்ரீம் கோர்ட்டே திறமைன்னு சொல்லிடுச்சு." ஆமா, சொல்லுச்சு. எதைப் பத்தி சொல்லுச்சு? குதிரைப் பந்தயம். 1974ல தமிழ்நாடு அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்க சட்டம் கொண்டு வந்துச்சு. 1986ல மெட்ராஸ் ரேஸ் கிளப்பையே எடுத்துக்க இன்னொரு சட்டம். வழக்கு டெல்லி வரைக்கும் போயி, 1996 ஜனவரியில டாக்டர் கே.ஆர். லக்ஷ்மணன் வழக்குல, குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமையைச் சார்ந்ததுன்னு தீர்ப்பு வந்துச்சு. (அந்த கிண்டி நிலத்துக்குக் குத்தகைப் பிரச்சினையில 2024 செப்டம்பர்ல அரசு சீல் வெச்ச கதை தனி.) ஆனா ஒரு விளையாட்டுல திறமைக்கு இடம் இருக்குங்கறதும், உங்ககிட்ட அந்தத் திறமை இருக்குங்கறதும் ஒண்ணா? வயலின் வாசிக்கறதும் திறமைதான். நான் வாசிச்சா எதிர் வீட்டு நாய் அழும். கிண்டியிலேயும், மொத்தமா விழுந்த காசுல கிளப் பங்கும் வரியும் எடுத்தது போகத்தான் ஜெயிச்சவங்களுக்குப் பிரிச்சுக் குடுப்பாங்க. ரேஸ் புக்கைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு சைதாப்பேட்டைப் பக்கம் நடந்து போன பெருசுகளுக்குக் குதிரையைப் பத்தித் தெரியாததா? அப்பா, பாட்டன் பேரு, ஜாக்கி எடை எல்லாம் ஒப்பிப்பாங்க. நடந்துதான் வீட்டுக்குப் போனாங்க.

உள்ளே இருக்கிறவனுக்குத் தெரியும்னு நினைக்கறவங்களுக்கு ஒரு உதாரணம். 2013 ஐபிஎல் சூதாட்ட விவகாரத்துல சென்னை டீமோட நிர்வாகத்துல இருந்த குருநாத் மெய்யப்பன். 2015 ஜூலையில லோதா கமிட்டி அவருக்கு ஆயுள் தடையும் சென்னை, ராஜஸ்தான் அணிகளுக்கு ரெண்டு வருஷத் தடையும் விதிச்சது. மஞ்ச சட்டையைக் கழட்டி வெச்சிட்டு நாம எல்லாம் துக்கம் அனுஷ்டிச்சோமே, ஞாபகம் இருக்கா. அந்த உத்தரவுல எனக்கு மறக்காத விஷயம், அவர் பந்தயத்துல சுமார் அறுபது லட்சம் தோத்திருக்கார்ங்கறது. டக்அவுட்ல உக்கார்ற இடத்துல இருந்தவருக்கே கதி அது. நமக்கு ஹாட்ஸ்டார்ல முப்பது செகண்ட் லேட்டா படம் வருது.

சரி, இவ்வளவு ஆவேசம் ஏன்? சொல்லிடுறேன். நான் எழுதிக் குடுத்த ஒரு எக்ஸெல் ஷீட்தான் காரணம்.

என் ரூம்மேட் ஒருத்தன், 2023 ஐபிஎல் நேரத்துல வந்து கேட்டான், "மச்சி, கணக்கு வெச்சுக்க ஒரு ஷீட் போட்டுக் குடுடா, டிசிப்ளினா ஆடணும்." எனக்கும் சனிக்கிழமை, வேலை இல்லை. தேதி, மேட்ச், ரேட், யூனிட், ரிசல்ட், பேலன்ஸ். ஜெயிச்சா பச்சை, தோத்தா சிவப்பு. பி1 செல்லுல ஒரு யூனிட்டுக்கு எத்தனை ரூபாய்னு போட்டா, கீழே எல்லாம் தானா மாறும். பெருமையா இருந்துச்சு, ஆபீஸ்ல எழுதற எதுக்கும் அவ்வளவு பாராட்டு கிடைச்சதில்லை.

பி1ல முதல்ல 1000 இருந்துச்சு. அவன் ஒருநாளும் ஒரு யூனிட்டுக்கு மேல போட்டதில்லை. நிஜமாவே ஒழுக்கம். போனஸ் வந்த மாசம் பி1 3000 ஆச்சு, ஏன்னா கையிருப்பு கூடிடுச்சாம், ரெண்டு சதவீதம்னா அவ்வளவுதானாம். 2024ல பர்சனல் லோன் மூணு லட்சம் எடுத்தான். அது கையிருப்புல சேர்ந்துச்சு. பி1 8000. ரூல் எதையும் மீறலை பாருங்க! ரெண்டு சதவீதம் ரெண்டு சதவீதமாவே இருந்துச்சு, எதுல ரெண்டு சதவீதம்ங்கறது மட்டும்தான் மாறிக்கிட்டே போச்சு. "இந்த வாரம் அஞ்சு யூனிட் மைனஸ் மச்சி"ன்னு சொல்லுவான், எனக்கு அது கிரிக்கெட் ஸ்கோர் மாதிரிதான் கேட்கும். நாப்பதாயிரம்னு சொல்லியிருந்தா தட்டுல இருந்த சோறு இறங்கியிருக்காது. ரூபாயை யூனிட்டுன்னு மாத்தினதுதான் அந்த ஷீட் செஞ்ச ஒரே வேலை. அதை டிசைன் பண்ணது அடியேன்.

2024 டிசம்பர்ல ஒரு நாள் ராத்திரி, வாடகைக்கு அவன் பங்கு ரெண்டு மாசமா வரலைன்னு கேட்கப் போனப்ப லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். தொள்ளாயிரத்துச் சொச்சம் வரிசை. 47 சதவீதம் பச்சை. அதைக் கெட்ட திறமைன்னுகூட சொல்ல முடியாது, கிட்டத்தட்ட நாணயம்தான். மொத்தம் நாலு லட்சத்துக்குக் கொஞ்சம் கம்மி போயிருந்துச்சு. ஒரு தடவைகூட ஆவேசப்பட்டு ஆடலை, குடிச்சிட்டு ஆடலை, தோத்ததைப் பிடிக்கணும்னு டபுள் பண்ணலை. "நான் என்னடா தப்பு பண்ணேன், எல்லாமே கரெக்ட்டாதானே பண்ணேன்"னு கேட்டான். எனக்கு பதில் தெரிஞ்சிருந்துச்சு. ஷீட் எழுதின அன்னிக்கே அஞ்சு நிமிஷம் கணக்கு போட்டிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். நான் கலர் மாத்திட்டிருந்தேன்.

இப்ப அவன் ஊர்ல இருந்து வேலை பார்க்கிறான். லோன் இன்னும் ஓடுது.

சட்டம் இல்லையான்னு கேட்பீங்க. 2021 ஆகஸ்ட்ல ஹைகோர்ட் பழைய தடையை ரத்து பண்ணுச்சு, அப்புறம் வந்த புதுத் தமிழ்நாடு சட்டம் 2023 ஏப்ரல்ல அமலுக்கு வந்துச்சு. 2025 ஆகஸ்ட்ல பார்லிமென்ட்டே பணம் கட்டி ஆடுற ஆன்லைன் ஆட்டங்களைத் தடை பண்ணி சட்டம் போட்டு, விளம்பரத்தையும் பேங்க் வழியையும் அடைச்சுது. நல்லது. ஆனா டெலிகிராம்ல எனக்கு இன்னமும் மெசேஜ் வருது, "சேஃப் ப்ளே, ஃபிக்ஸட் ஸ்டேக், ப்ரொஃபஷனல் அப்ரோச்"னு. டீக்கடைப் பையனுக்கும் அங்கிருந்துதான் வந்திருக்கணும். இந்த வாரம் அவனைப் பிடிச்சு உக்கார வெச்சு அந்த ஷீட்டைக் காட்டப் போறேன், பேரை மட்டும் எடுத்துட்டு. ரூம்மேட்கிட்ட போன்ல கேட்டேன், "காட்டு, ஆனா பி1ஐ ரூபாயா மாத்திட்டுக் காட்டுடா"ன்னான்.

டிஸ்கி: "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் டிசிப்ளினா ஆடி லாபத்துல இருக்கார்"னு பின்னூட்டம் போடப் போறவங்க, அவரோட தொள்ளாயிரம் வரிசையையும் சேர்த்து அனுப்புங்க. ஸ்க்ரீன்ஷாட் செல்லாது :-)