உயிர் பிழைத்த பிள்ளைக்குப் படிப்பு வேண்டாமா?

சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. வரவேற்கிறோம். ஆனால், 49-ஆம் மணியிலிருந்து அடிபட்ட பிள்ளைக்கு யார் துணை?

தலையில் அடிபட்ட சிறுவன் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புகிறான். தையல் ஆறிவிட்டது. பள்ளிக்கூடம் போகிறான். நேற்றுப் படித்தது இன்று நினைவில் இல்லை. வகுப்பின் இரைச்சல் தலையைப் பிளக்கிறது. நண்பகலுக்குள் சோர்ந்து விழுகிறான். சின்னச் சொல்லுக்கும் சீறுகிறான். உடனே "சோம்பேறி", "திமிர் பிடித்தவன்" என்று பட்டம் சூட்டுகிறார்கள். கால் ஒடிந்தவனை யாராவது ஓடச் சொல்வார்களா? கண்ணுக்குத் தெரியாததால் மூளையின் காயம் காயமில்லாமல் போய்விடுமா?

அவனுக்கு வேண்டியது பொன்னும் பொருளும் அல்ல. முதலில் அரை நாள் பள்ளி, நடுவே ஓய்வு, ஒரு நேரத்தில் ஒரே வேலை, தேர்வில் கூடுதல் நேரம். டாக்டர் சொல்லும்வரை விளையாட்டு வேண்டாம். ஆறாத மூளைக்கு இரண்டாம் அடி பேராபத்து.

சட்டம் என்ன சொல்கிறது? 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அடுக்குகிறது. மூளைக்காயத்துக்கு அதில் தனிப் பெயரில்லை. 18 வயது வரை இலவசக் கல்வி தரும் 31-ஆம் பிரிவோ, 40 சதவிகிதக் குறைபாட்டுக்குச் சான்றிதழ் கேட்கிறது. மறதியையும் சோர்வையும் எந்த முழக்கோலால் அளப்பது? அமெரிக்காவின் சிறப்புக் கல்விச் சட்டத்தில் 1990-லேயே மூளைக்காயம் தனிப் பெயரோடு இடம் பெற்றுவிட்டது.

வசதி படைத்தவன் வீட்டுக்கே வாத்தியாரை வரவழைப்பான். குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவரும், குளச்சலில் வள்ளம் தள்ளுகிறவரும், அண்டி ஆபீசில் முந்திரி உடைத்துக் கை கறுத்த தாயும் எங்கே போவார்கள்? அவர்கள் பிள்ளை படிப்பை விட்டுக் கூலிக்குத்தான் போவான்.

ஆகவே கோருகிறோம்: மருத்துவமனை வீட்டுக்கு அனுப்பும்போதே பள்ளிக்கும் விவரக் கடிதம் தர வேண்டும். வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் அந்தப் பிள்ளையைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும். சட்டத்தில் மூளைக்காயம் பெயர் பெற வேண்டும்.

கிளைத் தோழர்களே! உங்கள் தெருவில் விபத்துக்குப் பின் படிப்பை நிறுத்திய பிள்ளை உண்டா என்று பாருங்கள். பெற்றோரை அழைத்துக்கொண்டு தலைமை ஆசிரியரிடம் போங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசுங்கள்.

உயிரைக் காத்த சர்க்கார் படிப்பையும் காக்கட்டும்!