பூஸ்ட் ஏத்தலாம், கல்லணை ரோட்டில் வேண்டாம்

ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருப் பையன் ஒருவன் அவன் அப்பாவின் பழைய 1.3 லிட்டர் டீசல் ஸ்விஃப்டுக்குச் சொந்தமாக ஒரு பூஸ்ட் கன்ட்ரோலர் செய்திருக்கிறான். ஆர்டுயினோ போர்டு ஒன்று, மூன்று வாய் சோலினாய்டு வால்வு ஒன்று, பிரஷர் சென்சார், கொஞ்சம் சிலிக்கான் ஹோஸ், அவ்வளவுதான் சாமான். வண்டியைக் கெடுக்கிறான் என்று வீட்டில் சண்டை. நான் பொன்மலை ரயில்வே டீசல் ஷெட்டில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன் என்பதால் பஞ்சாயத்து என்னிடம் வந்தது. பையன் பக்கம்தான் நான், ஒரு விஷயம் தவிர.

அவன் செய்தது இதுதான். என்ஜின் கக்கும் புகையின் வேகத்தில் டர்போ சுற்றுகிறது. காற்றை அமுக்கி சிலிண்டருக்குள் தள்ளுகிறது. சின்ன கார் டர்போ நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றைக்கூட நெருங்கும். அதை அடக்க வேஸ்ட்கேட் என்று ஒரு கதவு உண்டு. பூஸ்ட் எனும் அந்தக் காற்றழுத்தம் ஓர் அளவைத் தொட்டதும் அந்த அழுத்தமே ஒரு டயாஃப்ரத்தைத் தள்ளிக் கதவைத் திறக்கும், மிச்சப் புகை டர்போவைத் தொடாமல் வெளியே போய்விடும். டயாஃப்ரத்துக்குப் போகும் காற்றில் கொஞ்சத்தைச் சோலினாய்டு வழியாகக் கசிய விட்டால் கதவு தாமதமாகத் திறக்கும், பூஸ்ட் ஏறும். எவ்வளவு கசிய விடுவது என்பதை ஆர்டுயினோ நொடிக்குப் பலமுறை வால்வைத் திறந்து மூடி முடிவு செய்கிறது.

“மாமா, 0.3 பார் கூட ஏத்திட்டேன்” என்றான். நான் கேட்ட முதல் கேள்வி, “கரண்ட் போனா என்ன ஆகும்?” அவனுக்குப் புரியவில்லை. சோலினாய்டில் ஹோஸை ஒரு விதமாக மாட்டினால், கரண்ட் போன நேரத்தில் முழு அழுத்தமும் டயாஃப்ரத்துக்குப் போகும், கதவு திறக்கும், வண்டி கம்பெனி அளவுக்கே திரும்பும். மாற்றி மாட்டினால் டயாஃப்ரத்துக்குக் காற்றே போகாது. கதவு மூடியே கிடக்கும், பூஸ்ட் கட்டுக்கடங்காமல் ஏறும், டர்போ பேரிங்கோ ஹெட் கேஸ்கட்டோ போகும். ஒரு கிளிப் நழுவி ஹோஸ் கழன்றாலும் இதே கதிதான். புரோகிராம் எழுதுவதில் கெட்டிக்காரனாக இருப்பவன் பத்து ரூபாய்க் கிளிப்பைப் பற்றி யோசிப்பதில்லை.

அப்புறம் இன்னொன்று. டீசல் என்ஜினில் காற்றை மட்டும் கூட்டினால் சக்தி பெரிதாகக் கூடாது, டீசலும் கூட வேண்டும். பூஸ்ட் வரம்பு தாண்டியதை வண்டியின் கம்ப்யூட்டரான ஈசியு கண்டுகொண்டால், சக்தியைக் குறைக்கும் லிம்ப் மோடுக்கு வண்டி போய்விடும். உடனே சென்சாரையே ஏமாற்ற ஒரு டப்பா, டீசலைக் கூட்ட இன்னொரு டப்பா என்று ஆசை வளர்கிறது. மே மாதத் திருச்சியில் 40 டிகிரி காற்றை அமுக்கினால் அது இன்னும் சூடாகும் என்பது எந்த டப்பாவுக்கும் தெரியாது.

பொன்மலையில் நான் இருந்தபோது ஒரு டபிள்யூடிஎம்2 ரயில் என்ஜினுக்கு, அதாவது 16 சிலிண்டர், 2,600 குதிரை சக்தி உள்ள ஆல்கோவுக்கு, டர்போ மாற்றினால் நேரே மெயின் லைனுக்கு அனுப்பிவிட மாட்டோம். லோட் பாக்ஸில் போடுவோம். என்ஜின் நின்ற இடத்திலேயே நிற்கும். ஜெனரேட்டர் கரண்ட் ரெசிஸ்டன்ஸில் எரிந்து வெப்பமாகப் போகும். த்ராட்டிலை நாட்ச் நாட்சாக எட்டு வரை ஏற்றி பூஸ்டர் ஏர் பிரஷரைப் பார்ப்போம். என்ஜினை நிறுத்திய பிறகு டர்போ சுற்றி ஓய எத்தனை நொடி ஆகிறது என்று காதை வைத்துக் கேட்போம். சீக்கிரம் நின்றால் பேரிங்கில் கோளாறு. ரன்டவுன் டைம் என்பார்கள்.

பையனுக்கு லோட் பாக்ஸ் எங்கே? கல்லணை ரோடுதான். அதுதான் நான் ஒத்துக்கொள்ளாத விஷயம். இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிபாளையத்திலும் ரேஸ் டிராக் இருக்கிறது. திருச்சிக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. சட்டமும் கறாராக இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவை வைத்து, கம்பெனி கொடுத்த அசல் அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பொதுச் சாலைக்கு இந்தக் கறார் சரி. சிஎன்ஜி கிட் மாட்ட அனுமதி பெற வழி இருப்பதுபோல இதற்கும் வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். வீட்டில் சால்டர் செய்த போர்டுக்கு அப்படி ஒரு சான்றிதழ் தர நானே கையெழுத்துப் போட மாட்டேன்.

ஆனால் இந்த மாதிரிப் பையன்களின் கைகளை வீணாக்கவும் கூடாது. மெக்கானிக்கல் பிரிவு உள்ள கல்லூரிகளில் டைனமோமீட்டர் பூட்டிய என்ஜின் இருக்கும்; பெரும்பாலும் ஒற்றை சிலிண்டர் டீசல், டர்போ கிடையாது, பரீட்சைக்கு மட்டும் ஓடும். உடைக்கப் போகும் ஒரு காரின் டர்போ என்ஜினை வாங்கி டைனமோமீட்டரில் பூட்டி, சனிக்கிழமைகளில் வெளிப் பையன்களுக்கும் திறந்துவிடலாம். வெடித்தால் லேபுக்குள் வெடிக்கட்டும். துவாக்குடி அரசு பாலிடெக்னிக்கோ திருவெறும்பூர் ஐடிஐயோ முதலில் முன்வரட்டும். டர்போவைக் கழற்றிக் காட்டிச் சொல்லிக்கொடுக்கப் பொன்மலையில் ரிட்டயர் ஆன எங்களைப் போன்றவர்கள் இருக்கிறோம். சம்பளம் வேண்டாம், டீ போதும்.