கப்பல் பெட்டி

உல்லாசக் கப்பலேறி உஷ்ணக் கடல்களைச் சுற்றிவரப் புறப்படும் நேயர்கள், எவற்றை எடுத்துச் செல்வது என்று நம்மைக் கேட்கிறார்கள். எவற்றை விட்டுச் செல்வது என்று கேட்டிருக்கலாம். 1931-ல் வட்டமேஜை மகாநாட்டுக்கு 'ராஜபுதானா' கப்பலில் சென்ற காந்தியடிகள், உடன் வந்தோரின் பெட்டிக் குவியலைக் கண்டு சினந்தார். ஏழை நாட்டின் பிரதிநிதிக்கு இத்தனை சுமையா? மிகையான பெட்டிகள் ஏடனிலிருந்தே ஊர் திரும்பின.

மெல்லிய கதரில் நான்கு உடுப்பு, வெயிலுக்குத் தொப்பி, ஈரத் தளத்தில் வழுக்காத செருப்பு; இவை போதும். இரவு விருந்துக்கென்று கோட்டுத் தைக்க ஓடவேண்டாம். கரைவேஷ்டிக்கு என்ன குறைவு? (ஊறுகாய் ஜாடியைப் பற்றி வீட்டாரிடம் வாதாட நமக்குத் துணிவில்லை.) மருந்தையும் ஒரு மாற்றுடையையும் மாத்திரம் கைப்பையில் வையுங்கள். துறைமுகத்தில் சிப்பந்திகளிடம் ஒப்புவித்த பெட்டி, அறைக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகும்.