கோப்பு எங்கே?

நமது காரியாலயங்களில் அதிகமாகச் சொல்லப்படும் வாக்கியம் எது என்று யாரேனும் ஒரு போட்டி வைத்தால், "கோப்பைத் தேடிக்கொண்டிருக்கிறோம், அடுத்த வாரம் வாருங்கள்" என்பதற்கே முதற் பரிசு கிடைக்கும். சொல்லுகிறவருக்கு அது சாதாரண வார்த்தை. கேட்கிறவருக்கோ அப்படியன்று. கணவனை இழந்த ஒரு ஸ்திரீ குடும்ப ஓய்வூதியத்துக்கு மனுச் செய்திருப்பாள். அவர் முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்ததற்கு அத்தாட்சியான பணிப் பதிவேடு அகப்படவில்லை என்பார்கள். அந்தப் புஸ்தகம் அகப்படும் வரையில் அவள் வீட்டு அடுப்பு காத்திருக்குமா? ஆகையால் தஸ்தாவேஜுகளை ஒழுங்காக வைப்பது குமாஸ்தாக்களுடைய சில்லறைச் சமாசாரம் என்று எண்ணுவது பெரும் பிசகு. அது நியாயத்தைச் சேர்ந்த விஷயம்.

"இப்பொழுதுதான் எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டதே, இனி என்ன கவலை?" என்று நேயர்களில் சிலர் கேட்கக்கூடும். கவலை அப்படியேதான் இருக்கிறது. அதன் இருப்பிடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். முன்னெல்லாம் கரையானும் எலியும் காகிதத்தைத் தின்றன. இப்பொழுது ஒரே கடிதம் 'கடைசி', 'கடைசி-2', 'திருத்திய கடைசி', 'இதுதான் கடைசி' என்று நாலு பெயர்களுடன் நாலு கம்ப்யூட்டர்களில் குடியிருக்கிறது. மேலதிகாரி பார்த்துச் சம்மதித்தது இரண்டாவது. வெளியே அனுப்பப்பட்டதோ மூன்றாவது. எது மெய் என்று சொல்லக்கூடிய குமாஸ்தா சென்ற மாதந்தான் மாற்றலாகிப் போனார்!

இந்தத் தொல்லைக்குப் பரிகாரமாக வந்திருப்பதே 'ஆவண மேலாண்மை' என்று இக்காலத்தில் வழங்கும் ஏற்பாடு. பெயர் புதிது; விஷயம் பழையது. சென்னை மாகாணத்து ஜில்லாக் காரியாலயங்களில், டாட்டன்ஹாம் என்ற ஐ.ஸி.எஸ். உத்தியோகஸ்தரின் பெயரால் ஒரு முறை ஏற்பட்டது. தபாலில் வரும் ஒவ்வொரு காகிதத்துக்கும் ஓர் எண் கொடுக்க வேண்டும். அது எந்தக் குமாஸ்தாவிடம் போகிறதோ, அவருடைய 'தன் பதிவேட்டில்' அந்த எண் ஏறும். என்றைக்கு என்ன நடவடிக்கை எடுத்தார் என்பதும் அதே வரிசையில் ஏறும். மேலதிகாரி அந்தப் பதிவேட்டைக் குறித்த காலங்களில் பார்வையிடுவார். காரியம் முடிந்ததும் கட்டு பதிவறைக்குப் போய்ச் சேரும். அப்பொழுதே, அது நிரந்தரமாக இருக்க வேண்டியதா, 10 வருஷத்துக்குப் பிறகு அழிக்கத் தக்கதா, அதற்கு முன்பே கழிக்கத் தக்கதா என்று வகைப்படுத்திவிடுவார்கள். தாலுகா ஆபீஸிலிருந்து வரும் கடிதங்களின் தலைப்பில் இன்றைக்கும் 'ந.க.எண்' என்று காண்கிறோமே, அது இந்த வம்சத்தைச் சேர்ந்ததுதான்.

காகிதத்துக்கு ஓர் எண். அது யார் கையில் இருக்கிறது என்ற குறிப்பு. யார் என்ன செய்தார் என்ற வரலாறு. எப்பொழுது கழிப்பது என்ற கெடு. நவீன ஏற்பாடும் இந்த நாலு காரியங்களைத்தான் செய்கிறது. விரைவாகச் செய்கிறது என்பதே வித்தியாசம். தேசியத் தகவலியல் மையம் தயாரித்து, சர்க்கார் இலாகாக்கள் பல உபயோகித்து வரும் 'இ-ஆபீஸ்' என்ற ஏற்பாட்டில், குறிப்பு எழுதும் பக்கம் பழைய வழக்கப்படி பச்சை நிறமாகவே திரையில் தோன்றுகிறது. எழுதி மேலே அனுப்பிய குறிப்பைப் பிறகு மாற்றவோ அழிக்கவோ இயலாது. நல்ல ஏற்பாடுகள் எல்லாவற்றிலும் ஒரு தஸ்தாவேஜுக்கு ஒரே இடந்தான். பத்துப் பேர் திருத்தினாலும் திருத்தங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஆள் பெயரோடும் தேதியோடும் நிற்கும். 'கடைசி-2' பிறப்பதற்கே அங்கே இடமில்லை.

ஆனால், பழைய கட்டுகளையெல்லாம் படமெடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று சில நிர்வாகிகள் எண்ணுகிறார்கள். படம் என்பது படந்தான். அதிலுள்ள எழுத்தைக் கம்ப்யூட்டர் தானாகப் படித்துக்கொள்ளாது. படிக்கச் செய்யும் சாதனம் உண்டு. அச்செழுத்தில் அது சமர்த்தாகவே வேலை செய்யும். பழைய குமாஸ்தாக்களின் தமிழ்க் கையெழுத்தைக் கண்டாலோ திணறிப்போகும். ஆகவே ஒவ்வொரு படத்தோடும் மனுதாரர் பெயர், ஊர், தேதி, விஷயம் ஆகியவற்றை மனிதர் ஒருவர் உட்கார்ந்து குறித்துத்தான் ஆக வேண்டும். இச்செலவை மிச்சப்படுத்துகிறவர்கள், இருட்டு அறையிலிருந்த குப்பையை வெளிச்சமான அறைக்கு மாற்றியவர்களே ஆவார்கள்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு மற்றொரு சங்கடமும் உண்டு. 1990-ஆம் ஆண்டுகளில் ஆளுக்கு ஓர் எழுத்துருவை வைத்துக்கொண்டு தட்டெழுதினார்கள். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் அக்கடிதங்களைத் திறந்தால், தமிழுக்குப் பதிலாக ஏதோ மந்திர யந்திரம் போன்ற கிறுக்கல் தோன்றுகிறது. தமிழ்நாட்டு சர்க்கார் 2010-இல் யூனிகோடு முறையை ஏற்று உத்தரவிட்டது. அதற்கு முந்திய கடிதங்களைப் புதிய முறைக்கு மாற்றி வைக்காத காரியாலயங்கள், காகிதமும் இருந்து கம்ப்யூட்டரும் இருந்து, படிக்கத்தான் வழியில்லாமல் நிற்கின்றன. நெடுங்காலம் வைக்க வேண்டிய தஸ்தாவேஜுகளுக்கென்றே 'பி.டி.எப்./ஏ' என்ற வடிவம் 2005-இல் சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்டது. எழுத்துருவும் தஸ்தாவேஜுக்குள்ளேயே அடங்கியிருக்க வேண்டும் என்பது அதன் விதி.

இவ்வளவு செய்தும் ஒரே பிரதியை ஒரே கட்டிடத்தில் வைத்தால் என்ன ஆகும்? அமெரிக்காவில் ஸெயிண்ட் லூயி நகருக்கு அருகே இருந்த ராணுவப் பதிவகத்தில் 1973-ஆம் ஆண்டு ஜூலை 12-ஆம் தேதி தீப்பிடித்தது. சிப்பாய்களின் பணிக் கட்டுகள் 160 லக்ஷம் முதல் 180 லக்ஷம் வரை சாம்பலாயின. அவற்றுக்கு மறுபிரதி இல்லை; என்னென்ன எரிந்தன என்று பார்க்க அட்டவணையும் இல்லை. அதன் பிறகு சலுகை கோரிய பழைய சிப்பாய்கள் பலருக்கு, பிற இலாகாக்களில் சிதறிக் கிடந்த துண்டுக் குறிப்புகளைத் திரட்டியே சேவைக்கு அத்தாட்சி தேட வேண்டியிருந்தது.

அது காகிதக் காலம் என்று சமாதானம் சொல்ல வேண்டாம். 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் தேதி தென் கொரியாவின் டேஜான் நகரில், அந்நாட்டு சர்க்காரின் கம்ப்யூட்டர் நிலையத்தில் மின்கலங்களில் தீப் பற்றியது. உத்தியோகஸ்தர்கள் தங்கள் வேலைக் காகிதங்களைச் சேர்த்து வைத்திருந்த களஞ்சியம் அதில் அழிந்தது. அளவு 858 டெராபைட். அத்தனை பெரிய களஞ்சியத்துக்கு வெளியே மறுபிரதி வைக்கப்படவில்லை. மறுபிரதி வைத்திருந்த வேறு பல ஏற்பாடுகள் நாளடைவில் மீண்டன. கம்ப்யூட்டர் வித்தையில் கொரியாவுக்கு நாம் பாடம் சொல்ல முடியுமா? சாமர்த்தியம் எவ்வளவு இருந்தாலும், இரண்டாவது பிரதி வேறோர் ஊரில் இருக்க வேண்டும் என்ற பாட்டி புத்திக்கு ஈடாகாது.

சட்டமும் இதைப்பற்றிப் பேசுகிறது. 2005-ஆம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை, மனுப் போட்டுக் கேள்வி கேட்கும் சட்டம் என்றே பலரும் அறிவார்கள். பொது அதிகார அமைப்புகள் தங்கள் பதிவேடுகள் யாவற்றையும் அட்டவணையிட்டு, எளிதில் எடுக்கத்தக்க விதத்தில் வைத்திருக்க வேண்டும் என்று அதன் 4-ஆவது பிரிவு விதிக்கிறது. சாதாரணமாக 30 நாளிலும், ஒருவருடைய உயிரையோ சுதந்திரத்தையோ பற்றியதானால் 48 மணி நேரத்திலும் பதில் தர வேண்டும். தேடவே மூன்று மாதம் பிடிக்கும் பதிவறையை வைத்துக்கொண்டு இந்தக் கெடுவை எப்படிக் காப்பாற்றுவது? மத்திய சர்க்காரின் பொதுப் பதிவேடுகளை விதிக்கு மாறாக அழிப்பவருக்கு 5 வருஷம் வரையில் சிறைத் தண்டனை விதிக்க, 1993-ஆம் வருஷத்துச் சட்டம் இடங்கொடுக்கிறது. வேண்டாததை உரிய காலத்தில் உரிய முறையில் கழிப்பதும் அந்த ஒழுங்கில் ஒரு பகுதியே. எதையும் கழிக்காத அறையில் எதுவும் அகப்படாது.

ஆகவே புதிய ஏற்பாட்டை விலை கொடுத்து வாங்கப் போகும் நிர்வாகிகளுக்கு நமது யோசனை இது. முதலில் ஒரு தாளை எடுத்து, எந்தத் தஸ்தாவேஜுக்கு எப்படிப் பெயரிடுவது, யார் பார்க்கலாம், எத்தனை வருஷம் வைப்பது, மறுபிரதி எங்கே இருப்பது என்று எழுதுங்கள். பெயரில் தேதியை வருஷம், மாதம், நாள் என்ற வரிசையில் போட்டால், கம்ப்யூட்டர் தானே காலவரிசையில் அடுக்கிக் கொடுக்கும். அந்தத் தாள் தயாரான பிறகு கடைக்குப் போங்கள். அது இல்லாமல் வாங்கிய யந்திரம், தாழ்வாரத்தில் நிற்கும் மற்றொரு பீரோதான்.

இதை வாசிக்கும் குடும்பத்தாருக்கும் ஒரு வார்த்தை. வீட்டுப் பத்திரம், பிறப்புச் சான்று, இன்ஷ்யூரன்ஸ் பாலிஸி ஆகியவை எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்பது வீட்டில் ஒருவருக்கு மாத்திரந்தான் தெரியுமென்றால், அந்த வீடும் ஒரு சிறு சர்க்கார் ஆபீஸ்தான். இந்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்து, ஒரு பட்டியல் எழுதி, மற்றொருவரிடமும் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள். ஆபீஸுக்குப் புத்தி சொல்லும் உரிமை அதன்பிறகு நமக்குத் தாராளமாக உண்டு.