அம்மாவுக்கும் அந்த வார்டில் ஒரு கட்டில்

2014 நவம்பரில் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சில நாட்களுக்குள் பச்சிளங்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோது, எடைக்குறைவு ஒரு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. டாக்டர்கள் போதுமா, கருவிகள் போதுமா என்ற கேள்விகள் எழுந்தன. கேட்க வேண்டியவைதான். ஆனால் எடை குறைந்து பிறக்கும் குழந்தைக்கு உயிர் தரும் ஒரு சிகிச்சை எந்தக் கொள்முதல் பட்டியலிலும் வராது: தாயின் வெறும் மார்புச் சூடு.

1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாத ஒரு மருத்துவமனையில், எட்கர் ரே என்ற மருத்துவர் தொடங்கியது இது. குல்லாவும் இடுப்புத் துணியும் மட்டும் அணிந்த குழந்தையைத் தாயின் மார்போடு தோல் படும்படி நிமிர்த்தி, துணியால் கட்டிவிடுவார்கள். நம் மருத்துவமனைகளில் இதைக் 'கங்காரு பராமரிப்பு' என்கிறார்கள். கருவி வாங்க வழியில்லாதவர்களுக்கான மாற்று என்ற பெயர் இதற்கு வெகுநாள் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பொய்யாக்கியது 2021இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு. டெல்லி சஃப்தர்ஜங் உட்பட ஐந்து மருத்துவமனைகளில், 1 முதல் 1.8 கிலோவுக்குள் பிறந்த சுமார் 3,200 குழந்தைகள் இதில் சேர்க்கப்பட்டார்கள். உடல்நிலை சீராகும்வரை காத்திருந்து மார்பில் சேர்த்த குழந்தைகளில் 28 நாட்களுக்குள் இறந்தவை 15.7 சதவீதம், பிறந்த உடனேயே சேர்த்தவற்றில் 12 சதவீதம். வித்தியாசம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். இரு தரப்புக்கும் மற்ற மருத்துவ வசதிகள் ஒன்றுதான் என்பதை மறந்துவிடக் கூடாது. உடலில் கொழுப்பு மிகக் குறைவான குழந்தை குளிரில் தன் சக்தியை எல்லாம் செலவழித்துவிடும். மார்பில் கிடந்தால் அந்தச் செலவு மிச்சம், தாய்ப்பாலும் பக்கத்திலேயே. பல கைகள் மாறாததால் தொற்றும் குறைகிறது.

தாயை உள்ளே விட்டால்தான் தொற்று வரும் என்பது பழைய வாதம். அந்த ஆய்வில் நடந்தது நேர்மாறு, கிருமித்தொற்று குறைந்தது. இதனால் ஆக்சிஜனும் ஆன்டிபயாட்டிக்கும் வேண்டாம் என்று ஆகிவிடாது. 2014இன் சாவுகளை இது தடுத்திருக்கும் என்றும் யாரும் சொல்ல முடியாது. இடம் இல்லை என்பதுதான் நியாயமான மறுப்பு. பச்சிளங்குழந்தைப் பிரிவுக்குள் தாய்க்குக் கட்டில் போட வேண்டுமென்றால் கட்டடத்தையே வேறுமாதிரி திட்டமிட வேண்டும், செவிலியர்களைக் கூட்ட வேண்டும், தடுப்புத் திரையும் வேண்டும். செலவுதான். ஆனால் தாயைப் பார்வையாளராக நினைத்துக் கட்டிய வார்டில், அவர் நேரம் பார்த்து வந்துபோகிறவராகத்தான் இருப்பார்.

சிசேரியன் ஆனவரால் நாளெல்லாம் குழந்தையைச் சுமக்க முடியுமா என்று கேட்பார்கள். முடியாது, அதனால்தான் பாட்டியும் அப்பாவும் முறை மாற்றிக்கொள்ள வேண்டும். ஆண்களை வார்டு வாசலோடு நிறுத்தும் வழக்கம் இங்கே குறுக்கே நிற்கிறது. அதைவிடப் பெரிய தடை கூலி. தருமபுரி மாவட்டத்தின் பென்னாகரம், அரூர் பக்கத்துக் குடும்பங்களில் அப்பா பெங்களூரிலோ திருப்பூரிலோ வேலையில் இருப்பார். சித்தேரி மலையிலிருந்து வரும் பாட்டிக்கு ஒரு நாள் இங்கே இருந்தால் ஒரு நாள் கூலி போச்சு. மகப்பேறு நிதியுதவி தரும் அரசு, குழந்தையை மார்பில் வைத்திருக்கும் இந்தத் துணையாளுக்கும் அந்த நாட்களுக்கான கூலியைத் தரலாம். தருமபுரியிலேயே அதைத் தொடங்கிப் பார்க்கலாம்.