கேளாமலே எழுதப்படும் தீர்ப்புகள்



திரைப்படத்திற்கு வெளியே, இளைஞர்கள் தாமே குழுவாகச் சேர்ந்து வெளியிடும் பாடல் தொகுப்புகள் தமிழில் பெருகிவிட்டன. ‘சுயாதீன இசை’ என்று அதற்குப் பெயரும் சூட்டிவிட்டார்கள். அத்தகைய ஆல்பம் ஒன்று வெளிவந்தால், நம் சமூகத்தவர் நடத்தும் பக்கங்களில் இரண்டே வகை விமர்சனங்களைக் காண்கிறோம். ‘இசை ஹராம், இதில் பேச என்ன இருக்கிறது’ என ஒற்றை வரியில் முடிந்துவிடுவது ஒரு வகை. பாடலில் எங்கேனும் ‘அல்லாஹ்’ என்னும் சொல்லோ தப்ஸின் ஓசையோ செவியில் பட்டுவிட்டால், ‘மாஷா அல்லாஹ், உள்ளத்தை உருக்கும் சூஃபி இசை’ எனப் புகழ்ந்து பகிர்ந்துவிடுவது மற்றொரு வகை. முதலாமவர் அந்தப் பாடலைக் கேட்கவில்லை. இரண்டாமவரும் கேட்கவில்லை என்பதே நமது குற்றச்சாட்டு.

மதரஸாவில் ஓதிக்கொடுப்போருக்கு ஆல்பங்களின் விமர்சனத்தில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். நம்மிடம் ஓத வரும் பிள்ளைகளின் கைப்பேசியில் என்ன ஒலிக்கிறது என்பதை அறியாதிருக்க அறந்தாங்கியும் மீமிசலும் வேறோர் உலகத்தில் இல்லை. இசைக்கருவிகள் குறித்து நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை அறிஞர்கள் காட்டிய எச்சரிக்கையையே நாமும் பற்றி நிற்கிறோம். ஆயினும் இமாம் இப்னு ஹஸ்ம் (ரஹ்) இதில் மாற்றுக் கருத்துடையவர் என்பதையும், இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தமது இஹ்யாவில் ‘ஸமாஃ’ பற்றித் தனிப் பகுதியே எழுதி, கேட்கத் தக்கது எது, தகாதது எது எனப் பிரித்து ஆராய்ந்தார் என்பதையும் மாணவர்களிடம் மறைப்பதில்லை. இந்தக் கருத்து வேறுபாடு நூற்றாண்டுகள் பல கண்டது. இந்தக் கட்டுரையோடு முடிந்துவிடப் போவதுமில்லை. நாம் கேட்பது வேறு. ஒரு பொருளை நான் வாங்க மாட்டேன் என்று சொல்பவன், அதைச் செய்தவனின் கூலியும் பெயரும் பறிபோவதைக் கண்டு ‘எனக்கென்ன’ என்று சொல்லிவிட முடியுமா? ஃபத்வா ஒரு துறை, நீதி இன்னொரு துறை. முன்னதைச் சொல்லிவிட்டதால் பின்னது கடமையிலிருந்து நீங்கிவிடாது.

திருக்குர்ஆனின் 26ஆம் அத்தியாயமான அஷ்ஷுஅராவின் இறுதி வசனங்கள் கவிஞர்களைக் கடுமையாகச் சாடுகின்றன. பலர் அத்துடன் நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் அடுத்தே ஒரு விலக்கு வருகிறது. ஈமான் கொண்டு, நற்செயல் புரிந்து, இறைவனை மிகுதியாக நினைவுகூர்ந்து, அநீதி இழைக்கப்பட்ட பின் தம்மைக் காத்துக்கொண்டவர்கள் அந்தக் கண்டனத்திலிருந்து நீக்கப்படுகிறார்கள். ஆக, அங்கே கவிஞர் கூட்டம் மொத்தமாகத் தூக்கி எறியப்படவில்லை. சொன்னது என்ன, சொன்னவர் எத்தகையவர், எந்த நிலையில் சொன்னார் என்று நிறுத்துப் பார்க்கப்படுகிறது. ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் கவி பாட நபிகளாரின் (ஸல்) பள்ளியிலேயே மிம்பர் அமைக்கப்பட்டதும் அந்த நிறுவையின் விளைவுதான்.

நிறுத்துப் பார்ப்பதற்கு நம்மிடம் ஒரு கலையே இருக்கிறது. ஹதீஸ் கலை வல்லுநர்கள் ஒரு செய்தி கிடைத்தால் முதலில் ‘இஸ்னாது’ கேட்டார்கள்: உனக்குச் சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார்? பின்னர் ‘மத்னு’ என்னும் வாசகத்தைச் சோதித்தார்கள். அறிவிப்பாளரின் நிறையும் குறையும் ‘ஜர்ஹு வ தஅதீல்’ என்று தனித் துறையாகவே வளர்ந்தன. அலீ இப்னுல் மதீனீ (ரஹ்) அவர்களிடம் அவருடைய தந்தையைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, மார்க்க விஷயம் என்பதால் தம் தந்தை அறிவிப்பில் பலவீனமானவர் என்றே அவர் சொன்னார். பெற்ற தந்தைக்கே சலுகை காட்டாத விமர்சன மரபு அது. அந்த மரபின் வாரிசுகள் நாம், நண்பரின் நண்பர் வெளியிட்ட ஆல்பத்திற்கு ஐந்து நட்சத்திரம் குத்திவிட்டுப் போகிறோம்!

பொதுவான பேச்சை விட்டு ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். 2021 மார்ச்சில் ‘எஞ்சாய் எஞ்சாமி’ வெளியானது. தீயும் அறிவும் பாடியது. இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன். வெளியீடு ‘மாஜா’ என்னும் தளம். கோடிக்கணக்கானோர் அதைக் கேட்டார்கள். நம் வீட்டுத் திருமணங்களில்கூட, மணமகனின் தோழர்கள் அதை ஒலிக்கவிட்டார்கள். அந்தப் பாடலின் வேர் அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்து, சொந்தமாக ஒரு துண்டு நிலமும் இன்றித் தாயகம் திரும்பிய தலைமுறை அது. புதுக்கோட்டைச் சீமைக்கு இந்தக் கதை அந்நியமானதன்று. இந்த மண்ணிலிருந்து கூட்டம் கூட்டமாகக் கண்டிச் சீமைக்குப் போனவர்களும், 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பிறகு திரும்பியவர்களும் இங்கே ஏராளம். ஆயினும் அந்நாளில் வந்த விமர்சனங்களைப் புரட்டிப் பாருங்கள். ‘துள்ளல்’, ‘கொண்டாட்டம்’, ‘காட்சி அழகு’ என்று சொற்கள் இறைந்து கிடக்கும். நிலமற்றவனின் புலம்பல் துள்ளலாகக் கேட்டிருக்கிறது என்றால் குறை யாருடைய செவியில்?

அதே ஆண்டு ஆகஸ்டில், ‘ரோலிங் ஸ்டோன்’ இதழின் இந்தியப் பதிப்பு தன் அட்டையில் தீயையும் யாழ்ப்பாண வேர் கொண்ட கனடியக் கலைஞர் ஷான் வின்சென்ட் டி பாலையும் வெளியிட்டது. ‘எஞ்சாய் எஞ்சாமி’, ‘நீயே ஒளி’ ஆகிய இரண்டிற்கும் வரிகள் எழுதிய அறிவு அட்டையில் இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் பகிரங்கமாகக் கேள்வி எழுப்பினார். எதிர்ப்பு வலுத்த பிறகு, அறிவைக் கொண்டு தனியாக ஒரு மின்னிதழ் அட்டை வெளியானது. பிழை என்று பலரும் அதை மன்னித்துவிட்டார்கள். நமக்கு அவ்வளவு எளிதாகத் தோன்றவில்லை. இசையை மதிப்பிடுவதையே தொழிலாகக் கொண்ட ஓர் இதழ், எழுதியவனை விட்டுவிட்டுப் பாட்டை மட்டும் எடுத்துக்கொள்ள முடிந்திருக்கிறது. இஸ்னாதை அறுத்துவிட்டு மத்னை மட்டும் வைத்துக்கொள்வது என்று நம் மொழியில் இதைச் சொல்வோம்.

2022 ஜூலையில் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடங்கியபோது அதே பாடல் அறிவு இல்லாமல் மேடையேறியது. அவர் அப்போது அமெரிக்காவில் இருந்தார் என விளக்கம் தரப்பட்டது. பாடலில் யாருடைய பங்கு எவ்வளவு என்பது பற்றி அறிவும் மற்றவர்களும் ஒன்றுக்கொன்று மாறான அறிக்கைகளை வெளியிட்டார்கள். அந்த வழக்கில் காஜியாக அமர்வது நம் வேலையன்று. ஆனால் 2024 மார்ச்சில், மூன்றாண்டுகள் கடந்தும் அந்தப் பாடலின் வருவாயிலிருந்து கலைஞர்களுக்கு ஒரு காசும் வரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே வெளிப்படையாகச் சொன்னார். வியர்வை உலருமுன் கூலி என்பதைப் பாலர் வகுப்பிலேயே கற்றுத்தருகிறோம். அந்தச் செய்தி வந்த நாளில் நம்மவர் பக்கங்கள் எத்தனை அதைப் பேசின? தேடினால் விரல் விட்டு எண்ணுவதற்கும் கிடைக்காது.

இந்த அறிவு யார்? 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் நிறைவேறியபின், நம் பெண்கள் கைக்குழந்தையோடு தெருவில் அமர்ந்திருந்த நாட்களில், ‘சண்ட செய்வோம்’ என்ற பாடலோடு நம் பக்கம் நின்றவர். பெரிய பெரிய நட்சத்திரங்கள் வாய் திறக்கத் தயங்கிய காலம் அது. அப்போது அந்தப் பாடலைப் பகிர்ந்தவர்கள், அவருடைய பெயர் மறைக்கப்பட்டபோது ‘அது அவர்கள் சினிமாக்காரர் விவகாரம்’ என்று ஒதுங்கினார்கள். பகிரும்போது ஹலால், பரிந்து பேசும்போது மட்டும் ஹராமா?

இனி ‘சூஃபி’ என்ற சொல்லுக்கு வருவோம். இந்தச் சொல் இன்று ஒரு மசாலாப் பொடியாகிவிட்டது. கிதாரின் மேல் கொஞ்சம் தூவினால் பாடல் ஆன்மிகமாகிவிடுகிறது. திக்ரின் சொற்களை வெட்டி எடுத்து, தாளத்திற்கேற்பத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, ‘ஹ’வும் ‘ஹூ’வும் இன்னதென்று தெரியாத குரலில் பாடவைத்து, அதற்கு ‘ஆன்மாவின் ஓசை’ என்று விமர்சனம் எழுதுகிறார்கள். தஸவ்வுஃப் என்பது நஃப்ஸை அடக்கும் பயிற்சி. அதற்கென்று ஒரு ஷைகும், ஒரு சில்சிலாவும் உண்டு. அதுவும் ஓர் இஸ்னாதுதான். குணங்குடி மஸ்தான் சாகிபுவைப் படிக்காத ஒருவர் தமிழில் சூஃபி இசை பற்றி நான்கு பத்தி எழுதுவது எப்படியென்று நமக்கு விளங்கவில்லை.

எல்லோரும் அப்படிச் செய்தார்கள் என்று சொன்னால் அது அநீதி. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பின்னர், சென்னையின் ‘எர்த்சிங்க்’ நிறுவனம் கடலோர மக்களின் பாடல்களைத் தேடிப் பதிவு செய்து ‘லயா ப்ராஜெக்ட்’ என்று வெளியிட்டது. நாகூர் தர்காவில் பாடி வந்த அப்துல் கனி, அஜா மைதீன், சபூர்மைதீன் பாபா சபீர் ஆகியோரை வைத்து ‘நாகூர் செஷன்ஸ்’ என்று தனி ஆல்பமும் கொண்டு வந்தது. தர்காவில் நடப்பவை பற்றி நமக்குள் இருக்கும் கருத்து வேறுபாடு இருக்கட்டும். மின்னிசையோடு அந்தக் குரல்களைக் கலந்ததை நாம் விரும்பியே ஆக வேண்டும் என்பதுமில்லை. அங்கே பாடியவர்களுக்குப் பெயர் இருந்தது. ‘நாட்டுப்புறக் குரல்கள்’ என்ற பொட்டலத்தில் அவர்கள் கட்டப்படவில்லை. ஆங்கில இதழ்கள் அந்த ஆல்பத்தைப் பற்றி எழுதின. தமிழ் முஸ்லிம்களாகிய நம்மவர்கள் எழுதியது எங்கே? ரமளானின் சஹர் நேரத்தில் தப்ஸ் கொட்டித் தெருவை எழுப்பும் பக்கீர்சாவின் பாட்டுக்கு ஒரு வரலாறு உண்டென்று சொல்ல வேண்டியவர்கள், நோன்பு முடிந்ததும் அவருக்கு ஐம்பது ரூபாயைக் கொடுத்துவிட்டு மறந்துபோனார்கள்.

வீட்டுக்கு வெளியே மட்டும் குறை தேடுவது முறையாகாது. ரபீஉல் அவ்வலிலும் ரமளானிலும் வெளிவரும் நம் ‘இஸ்லாமிய ஆல்பங்கள்’ எந்த நிலையில் இருக்கின்றன? பிரபலமான திரைமெட்டை அப்படியே எடுத்து, காதலியின் பெயர் இருந்த இடத்தில் மதீனாவைப் பொருத்திவிடுகிறார்கள். மெட்டமைத்தவனிடம் அனுமதி கேட்பதில்லை. அறபுச் சொல்லின் நெடிலும் குறிலும் தாளத்திற்காக நொறுக்கப்படுகின்றன. எந்திரத்தால் மெருகேற்றிய குரலில் ஸலவாத்து கொஞ்சல் மொழியாகிறது. இதை விமர்சித்தால் ‘நல்ல விஷயத்தைக் குறை சொல்லாதீர்கள்’ என்பார்கள். நல்ல விஷயம் என்பதால்தான் குறை சொல்ல வேண்டியிருக்கிறது. இசைமுரசு நாகூர் இ.எம். ஹனிஃபா (1925–2015) அவர்களை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு சொல்லும் கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் கேட்க வேண்டும் என்று பாடியவர் அவர். குரலைச் சொல்லின் மேல் ஏற்றி மிதிக்கவில்லை. அவருக்குப் பாடல்கள் தந்த புலவர் ஆபிதீன் போன்றோரின் பெயரை இன்று அந்தப் பாடல்களை மறுபதிவு செய்யும் இளைஞர்களில் எத்தனை பேர் குறிப்பிடுகிறார்கள்? அறிவின் பெயர் விடுபட்டதைக் கண்டிக்கும் தகுதி நமக்கு வேண்டுமானால், ஆபிதீனின் பெயர் விடுபடுவதையும் கண்டிக்க வேண்டும்.

நாட்டுப்பாடல் என்றாலும் இதே சோம்பல்தான். புதுக்கோட்டை மாவட்டத்துக் களபத்தைச் சேர்ந்த செந்தில் கணேஷ் 2018இல் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் வென்றபோது எழுதப்பட்டவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறு ‘மண்வாசனை’ என்ற ஒரே சொல்லைச் சுற்றி வந்தன. மண்ணுக்கு வாசனை மழை பெய்யும்போது வரும். பாட்டில் இருப்பது தெம்மாங்கா, கும்மியா, ஒப்பாரியா, நடவுப் பாட்டா? அதைச் சொல்லத் தெரியாதவர்தான் வாசனையைச் சொல்லித் தப்பிக்கிறார். நம் பாட்டிமார் நலுங்கில் பாடியவையும் தொட்டிலில் பாடியவையும் இதே இசையின் உறவுகள். அவற்றைப் பதிவு செய்ய ஒரு குழுவும் இதுவரை நம் வாசலுக்கு வரவில்லை. வரும் நாளில் அவர்களும் ‘மண்வாசனை’ என்றே பெயரிடுவார்கள் என அஞ்சுகிறோம்.

பெண் பாடினால் விமர்சனம் இன்னும் கீழே இறங்கிவிடுகிறது. கதீஜா ரஹ்மான் முகத்திரை அணிந்ததை 2020இல் ஓர் எழுத்தாளர் மூச்சுத் திணறுவதாக விமர்சித்தார். நம் பக்கத்திலோ அவர் பாடியதே குற்றம் என்று எழுதினார்கள். பின்னர் அவரும் அறிவும் சேர்ந்து ‘சகவாசி’ பாடியபோது, அந்தப் பாடல் மனிதர் சேர்ந்து வாழ்வதைப் பற்றி என்ன சொல்கிறது, நன்றாகச் சொல்கிறதா என்று இரு தரப்பிலும் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. துணியைப் பற்றியே இரு தரப்பும் எழுதித் தீர்த்தன.

வரும் ரபீஉல் அவ்வலில் புதிய ஆல்பங்கள் வரும், இன்ஷா அல்லாஹ். அவற்றைப் பற்றி எழுத இருக்கும் சகோதரர்களிடமும் சகோதரிகளிடமும் நாம் கேட்பது கொஞ்சம்தான். வரிகளை எழுதியவர் பெயரை முதல் பத்தியில் எழுதுங்கள். மெட்டு எங்கிருந்து வந்தது என்று விசாரியுங்கள். சொல் தெளிவாகக் கேட்கிறதா என்று காதுக்கருவியைக் கழற்றிவிட்டும் ஒருமுறை கேளுங்கள். தப்ஸ் வாசித்த பக்கீர்சாவுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று வெளியீட்டாளரிடம் கேளுங்கள். பதில் வந்தால் அந்தத் தொகையை எழுதுங்கள். வராவிட்டால், கேட்டோம், பதில் வரவில்லை என்றே எழுதுங்கள்.