போத்தனூரில் பிறந்த ஒரு தாய்

போன ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் உட்கார்ந்து கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டிருந்தேன். காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கும் என் பிள்ளை, "அம்மா, கம்ப்யூட்டருக்கு வித்திட்ட ஆலன் டூரிங் இருக்காரே, அவரோட அம்மா பிறந்தது நம்ம போத்தனூர்லயாம்!" என்றான். நான் கோவைப் பக்கத்துக்காரி. சந்தோஷம் தாங்கவில்லை. "நிஜமாடா? அப்புறம் அந்தப் பிள்ளை என்ன ஆனாரு?" என்று கேட்டேன். அவன் கொஞ்சம் தயங்கினான். "போலீஸ் பிடிச்சுதும்மா. நாற்பத்தோரு வயசுல செத்துப் போயிட்டார்" என்றான். காரணத்தைச் சொன்னதும் என் கை அப்படியே நின்றுவிட்டது.

இதை இந்தப் பக்கத்தில் எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன், சகோதரிகளே. பிள்ளை பெற்ற நாம் தெரிந்துகொள்ளாமல் வேறு யார் தெரிந்துகொள்வது என்று தோன்றியது. எழுதிவிட்டேன்.

அந்த அம்மாளின் பெயர் ஈத்தல் சாரா. 1881-ல் பிறந்தவர். தகப்பனார் மதராஸ் ரயில்வேயில் என்ஜினீயர். கைப்பிடித்த கணவரும் மதராஸ் மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. ஆலன் 1912, ஜூன் 23-ம் தேதி லண்டனில் பிறந்தார். அந்தக் கால வழக்கப்படி அவரையும் அண்ணனையும் அங்கே ஒரு குடும்பத்தின் பொறுப்பில் விட்டுவிட்டுப் பெற்றோர் இந்தியாவுக்கு வந்துவிட்டார்கள்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்களின் எனிக்மா ரகசியச் செய்திகளை உடைத்தவர்களில் முக்கியமானவர் ஆலன். என்ன வேலை என்று பெற்ற தாயிடம்கூடச் சொல்லக் கூடாது. அது அரசாங்கம் போட்ட பூட்டு. அவர் மனசுக்குள் இன்னொரு பூட்டும் இருந்தது. அவருடைய நேசம் ஆண்கள் பேரில்தான். இன்று இதைத் தன்பால் ஈர்ப்பு என்கிறோம். நெருங்கிய சிநேகிதர்கள் சிலருக்குத்தான் தெரியும்.

ஏன் மறைக்க வேண்டும்? 1885-ல் வந்த சட்டப்படி, இரண்டு ஆண்கள் நாலு சுவருக்குள் நேசித்தாலும் இரண்டு வருஷம் வரை ஜெயில். எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டு 1895-ல் இதே சட்டத்தில்தான் உள்ளே போனார்.

1952 ஜனவரியில் ஆலன் வீட்டில் திருடு போயிற்று. நம்மைப் போல அவரும் போலீசிடம் போனார். விசாரித்துக்கொண்டே வந்தவர்கள், அவருக்குப் பழக்கமான ஒரு வாலிபனைப் பற்றிக் கேட்டார்கள். பொய் சொல்லத் தெரியாதவர், உள்ளதைச் சொல்லிவிட்டார். திருட்டுக் கொடுத்தவரே குற்றவாளிக் கூண்டில் ஏறினார்! ஜெயிலா, அல்லது ஆசையை அடக்க ஒரு வருஷம் ஹார்மோன் மருந்தா என்பதுதான் அவர் முன் இருந்த கேள்வி. மருந்துக்குச் சம்மதித்தார். அது ஈஸ்ட்ரோஜன், பெண்களுடைய ஹார்மோன். ஆண் உடம்பில் அதை ஏற்றினால் என்ன ஆகும்? மார்பு வளர ஆரம்பித்தது. அரசாங்க ரகசிய வேலையிலிருந்தும் ஒதுக்கிவிட்டார்கள்.

அவர் ஒருவர் கதை மட்டுமல்ல இது. அந்த நாளில் போலீஸ்காரர்கள் மஃப்டியில் பொதுக் கழிப்பறைகளில் காத்திருந்து ஆட்களைப் பிடித்தார்கள். ஒருவன் அகப்பட்டால் அவன் வீட்டுக் கடிதங்களைக் கிளறி அடுத்த ஆளைத் தேடுவார்கள். அதற்குப் பயந்தே பிரியமாக வந்த கடிதங்களை அடுப்பில் போட்டவர்கள் உண்டு. ஊர் வாயை மூடக் கல்யாணம் செய்துகொண்டவர்களும் உண்டு. அதில் வாழ்க்கை இழந்த பெண்களை யார் கணக்கெடுத்தார்கள்? மிரட்டிப் பணம் பறிப்பவர்களுக்கோ நல்ல அறுவடை. பணம் கொடுத்தவன் போலீசுக்குப் போக முடியாதே!

1954, ஜூன் 7-ம் தேதி ஆலன் இறந்தார். சயனைடு விஷம். படுக்கைக்குப் பக்கத்தில் கடித்த ஆப்பிள் ஒன்று கிடந்தது. தற்கொலை என்று விசாரணையில் முடிவு செய்தார்கள். தாய் ஒப்புக்கொள்ளவில்லை. "வீட்டிலேயே ரசாயனம் வைத்துக்கொண்டு ஏதாவது செய்வான், கை அலம்ப மாட்டான், தவறுதலாக உள்ளே போயிருக்கும்" என்பது அவர் கட்சி. 1959-ல் மகனைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். பெற்ற மனசு வேறென்ன செய்யும்?

அதே 1954-ல் சட்டத்தை ஆராய உல்ஃபெண்டன் கமிட்டி அமைத்தார்கள். அதிலிருந்த பெண்கள் சங்கடப்படக் கூடாதென்று, ஒரு பிஸ்கட் கம்பெனியின் பெயரை இரண்டாகப் பிய்த்து இந்த ஆண்களுக்கு ஒரு பாதி, விலைமாதர்களுக்கு மறுபாதி என்று சங்கேதம் வைத்துப் பேசினார்களாம்! பேசவே அவ்வளவு கூச்சம். ஆனாலும் 1957-ல், இது குற்றமில்லை என்று துணிந்து எழுதினார்கள். 1967-ல்தான் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்டம் மாறியது. 2013-ல் ராணி ஆலனுக்கு மன்னிப்பு வழங்கினார். 2021-ல் ஐம்பது பவுண்டு நோட்டில் அவர் படம் வந்தது. போன உயிர் வருமா?

வெள்ளைக்காரன் 1860-ல் நமக்கு எழுதி வைத்த 377-வது பிரிவு அதைவிட நீண்ட ஆயுசுடன் இருந்தது. வயது வந்த இருவர் மனமொத்து வாழ்வது குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018, செப்டம்பர் 6-ம் தேதி தீர்ப்பளித்தது. நம் சென்னை உயர் நீதிமன்றத்தில், இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டுத் தொடுத்த வழக்கில், நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் எனக்கே இது சரியாகப் புரியவில்லை என்று மனம் திறந்து சொல்லி, மனநல நிபுணரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு 2021, ஜூன் 7-ம் தேதி, மருந்து கொடுத்து மாற்றுகிறேன் என்று யாரும் கிளம்பக் கூடாதென்று தடுத்தார். ஆலன் இறந்த அதே தேதி! அப்படி "மாற்றும்" வைத்தியம் டாக்டர்களுக்குத் தகாத நடத்தை என்று 2022-ல் தேசிய மருத்துவ ஆணையமும் அறிவித்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

ஆகவே சகோதரிகளே, நாளைக்கு உங்கள் பிள்ளை இப்படி ஒன்றைச் சொன்னால் ஊசி, மாத்திரை, மந்திரித்த தாயத்து என்று அலையாதீர்கள். கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்று இன்னொரு வீட்டுப் பெண்ணையும் பலியிடாதீர்கள். உங்கள் மனசு ஆறவில்லையானால் நல்ல மனநல மருத்துவரிடம் முதலில் நீங்கள் போய்ப் பேசுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். என் பிள்ளை ஏன் தயங்கினான் என்று அப்புறம் யோசித்தேன். டி.வி.யில் நடிகர் ஒருவர் இப்படிப்பட்டவர்களைக் கேலி செய்து நெளிந்து காட்டும்போதெல்லாம் நான் வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன். அவனுடைய சிநேகிதப் பிள்ளைகள் நாலைந்து பேர் எங்கள் வீட்டில் காபி குடித்துக்கொண்டு அதைக் கேட்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவனுக்கு அந்தச் சிரிப்பு எப்படி இருந்திருக்குமோ! இனிமேல் அந்தக் காட்சி வந்தால் எழுந்துபோய் டி.வி.யை அணைத்துவிடுவதாக இருக்கிறேன். பிள்ளைகள் ஏன் என்று கேட்டால் போத்தனூர்க் கதையைச் சொல்வேன்.